அவசரம்: புது டயர் போட்டும் மழையில் வண்டி வழுக்குது

சேலத்துக்காரன்: புது டயர் போட்ட பிறகும் நேத்து மழையில தொப்பூர் இறக்கத்துல வண்டி பின்பக்கம் வீசி ஆடிடுச்சு. பின்னாடி லாரி. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பெங்களூரு போகணும். என்ன பண்ணலாம்?

மழைத்துளி: என்ன வண்டி? நாலுமே புதுசா? காத்து எவ்வளவு?

கோவை குமார்: வீல் அலைன்மென்ட்தான், அதாவது சக்கரம் நிக்கிற கோணம். சந்தேகமே வேணாம்.

பழைய இரும்பு: அலைன்மென்ட் கெட்டா ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும் குமார். மழையில மட்டும் பின்பக்கம் வீசாது. தம்பி, இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதறது? தேடிப் பார்க்கிற வழக்கமே போச்சு.

சேலத்துக்காரன்: ஹேட்ச்பேக், முன் வீல் டிரைவ். புதுசு ரெண்டுதான், முன்னாடி போட்டாங்க. இழுக்கிற சக்கரம் அதுதானேன்னு கடையில சொன்னாங்க.

மழைத்துளி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

பழைய இரும்பு: இழுக்கிறது முன் சக்கரம்தான். ஆனா வண்டியை நேரா வச்சிருக்கிறது பின் சக்கரம். பட்டன், அதாவது டயர் மேல இருக்கிற கட்டைகள், தேஞ்சா டயர் தண்ணியை வெளிய தள்ளாது, மேலேயே மிதக்கும். முன்னாடி மிதந்தா வண்டி திரும்பாம நேரா போகப் பார்க்கும்; ஆக்ஸிலேட்டரை விட்டா எடை முன்னாடி வந்து பிடி திரும்பிடும். பின்னாடி மிதக்கும்போது அதே காலை எடுத்தா பின்பக்கம் இன்னும் லேசாகி சுத்திடும். பதறினா எல்லாரும் காலைத்தான் எடுப்போம், இறக்கத்துல கேட்கவே வேணாம். அதனாலதான் மிஷெலின் மாதிரி டயர் கம்பெனிகளே முன் வீல் டிரைவுக்கும் புதுசைப் பின்னாடி போடச் சொல்லுது. பழைய டயர் எந்த வருஷம்? பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2317ன்னா 2017, 23வது வாரம்.

நைட்ரோ செல்வம்: நைட்ரஜன் அடிங்க, பிடி கூடும்.

மழைத்துளி: சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் செல்வம்.

நைட்ரோ செல்வம்: அப்ப ரேஸ் வண்டிக்கு ஏன் போடறான்?

மழைத்துளி: ஈரம் இல்லாத காத்து, சூட்டுல அழுத்தம் கணக்கா ஏறும். தொப்பூர்ல ரேஸா விடறோம்?

நைட்ரோ செல்வம்: எனக்கு மைலேஜே கூடிச்சு.

கோவை குமார்: காத்தை ஒழுங்கா அடிச்சதால கூடியிருக்கும். அலைன்மென்ட்டும் பார்த்தீங்கதானே?

நைட்ரோ செல்வம்: 🙄

சேலத்துக்காரன்: பழசுல பட்டன் ஆழம் 2 மி.மீ. இருக்கு. சட்டப்படி 1.6 போதுமாமே? புதுசைப் பின்னாடி போட்டு பழசை முன்னாடி மாத்திடட்டுமா?

பழைய இரும்பு: சட்டம் அபராதத்துக்கு. மழைக்கு 3க்குக் கீழ போனாலே ஆபத்து. 2 மி.மீ. டயரை முன்னாடி போட்டா பிரேக் தூரம் நீளும். அதையும் தூக்கிப் போட்டுட்டு நாலும் ஒரே மாதிரி போடுங்க.

சேலத்துக்காரன்: இன்னும் ரெண்டு வாங்கிட்டேன். நன்றி அண்ணா.

மழைத்துளி: காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?

மழைத்துளி: ஹலோ?