புதுப்பிப்பு: பொங்கல் நான்கு நாளில் குரூப் 4 படிப்பு

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு, போகி முதல் காணும் பொங்கல் வரை தினமும் காலை 5 முதல் 7 வரை படிக்கலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

கடிகார நேரம் பண்டிகை வீட்டில் நிற்காது. போகியன்று விடியும் முன்பே புகை. பொங்கலன்று பானை வைக்கும் நல்ல நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு அளவைப் பிடியுங்கள்: ஒரு நாளைக்கு 25 கணக்கு, ஒரு செய்யுள் பகுதி. கணக்கில் 25 எதற்கு என்றால், 200 கேள்வித் தாளில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதியின் அளவே அதுதான். 40 நிமிடம் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடே உறங்கும் நேரம் இதற்கு வசதி, மொட்டை மாடி இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ்ப் பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

ஊருக்குப் போகும் பேருந்தில் புத்தகம் வேண்டாம், தலைசுற்றும். இலக்கணக் குறிப்பைக் குரல் பதிவாக்கிக் கேட்கலாம்.

திட்டம் உடைவது பெரும்பாலும் இரவில்தான். சொந்தங்களோடு 1 மணி வரை அரட்டை, மறுநாள் தலைவலி. இரவு 11 மணிக்கே அரட்டையை விட்டு எழுந்து படுக்கப் போய்விடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“வேலை என்னாச்சு?” என்று பெரியப்பா கேட்டால், “எழுதிட்டிருக்கேன் பெரியப்பா” போதும். விளக்கம் கொடுத்தால்தான் பேச்சு நீளும்.

இன்னொரு திருத்தம்: காணும் பொங்கலன்று மட்டும் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.