ஓகஸ்டில் யானையும் பார்க்க வேண்டும், பழைய இடங்களும் பார்க்க வேண்டும். திருகோணமலையிலிருந்து எப்படிப் போவது?

உப்புவெளி_வீடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் நடுவில் என் அண்ணா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. அண்ணா, அண்ணி, இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 15 வயது, சின்னவனுக்கு 9. கூட எங்கள் அம்மாவும் வருவா. அம்மாவுக்கு முழங்கால் நோ, படி ஏறமாட்டா. ஆனால் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டில் இருக்கவும் மாட்டா.

சின்னவனுக்கு யானை என்றால் உயிர். மின்னேரியாக் குளத்தில் நூற்றுக்கணக்கில் யானை நிற்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். பெரியவள் வரலாறு விரும்பிப் படிப்பவள். "எங்கட ஆட்கள் கட்டினது என்ன இருக்கு மாமி?" என்று கேட்டாள். அவளுக்கு உருப்படியாக எதையாவது காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அண்ணாவுக்கு அங்கே ஒரு பயண முகவர் நான்கு நாள் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் சிகிரியாவும் தம்புள்ளையும், இரண்டாம் நாள் கண்டி, மூன்றாம் நாள் பொலன்னறுவையும் மின்னேரியாவும், நான்காம் நாள் வில்பத்து. வாசிக்கவே எனக்கு மூச்சு முட்டியது. அம்மாவை வைத்துக்கொண்டு இது சரிவருமா? யானைக்கு மின்னேரியாப் பூங்கா நல்லதா, பக்கத்துக் கவுடுல்லப் பூங்கா நல்லதா? ஹபரணையில் ஒரு இரவு தங்க வேண்டுமா, அல்லது வீட்டிலிருந்தே போய் வரலாமா? கனடா கடவுச்சீட்டுக்கு டிக்கெட் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காரன் எழுதியது:

கண்டியையும் வில்பத்துவையும் முதலில் வெட்டுங்கள். கண்டிப் பெரஹர வழக்கமாக அந்தக் காலத்தில்தான் வரும், நெரிசலும் அறை வாடகையும் தாங்காது. வில்பத்து புத்தளம் பக்கம். அது சிறுத்தைக்குப் பேர்போன இடம், யானை பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

மிச்சமாகும் ஒரு நாளை நம்முடைய கடலுக்குக் கொடுங்கள். ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். 2003 முதல் அது தேசியப் பூங்கா. முகமூடி போட்டுக் குனிந்து பார்த்தாலே கரும்முனைச் சுறாக் குட்டிகள் தெரியும், ஆளை ஒன்றும் செய்யாது. பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது. அங்கே வருகிறவர்கள் மிதித்து மிதித்தே பாதி போய்விட்டது என்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

தம்பலகாமம்_வான் எழுதியது:

தங்கச்சி, நான் வான் ஓடுகிறவன். ஹபரணைப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வருவதுதான் தொழில். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மின்னேரியாவா கவுடுல்லவா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். அதைக் குளத்துத் தண்ணீர்தான் முடிவெடுக்கும். மழை இல்லாத காலத்தில் மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, ஓரத்தில் சேறு காய்ந்து பச்சைப் புல் முளைக்கும். காட்டுக்குள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்தப் புல்லுக்காகத்தான் சுற்றுவட்டாரத்து யானை எல்லாம் அங்கே வந்து சேரும். ஓகஸ்டும் செப்டெம்பரும் அதற்கு நல்ல காலம். உங்கள் மருமகன் பார்த்த வீடியோ அதுதான்.

ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018-இல் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அங்கிருந்து மின்னேரியாவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். வெயில் காலத்திலும் குளம் நிறைந்து நிற்கும் வருடங்கள் உண்டு. அப்போது புல் தண்ணீருக்கு அடியில் போய்விடும். யானை என்ன செய்யும்? கவுடுல்லப் பக்கம் நகர்ந்துவிடும். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. நானும் வயல்காரன் பிள்ளைதான். ஆனால் அந்த இரண்டு மாதமாவது புல்லுக்கு இடம் விட்டுத் தண்ணீர் திறக்கலாம் என்று காட்டு விலங்குகளைப் பற்றி அறிந்தவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால் நல்லது.

ஆகவே ஹபரணைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஜீப்காரரிடம் கேளுங்கள்: "இப்ப மின்னேரியாவில புல்லு தெரியுதா? நேற்று யானை எங்க நின்றது?" மின்னேரியா, கவுடுல்ல, பக்கத்து ஹுருலுக் காடு மூன்றுக்கும் அதே ஜீப்கள்தான் ஓடும். நல்ல ஆள் என்றால் உள்ளதைச் சொல்வார். மாரி காலத்தில் வந்திருந்தால் நானே ஹுருலுவுக்குப் போங்கள் என்றிருப்பேன். ஓகஸ்டில் மற்ற இரண்டில் ஒன்று.

யானைக்குப் பின்னேரம்தான் நேரம். இரண்டரை மூன்று மணிக்கு உள்ளே போய் ஆறு மணிவரை நின்றால், வெயில் தணியத் தணிய கூட்டம் கூட்டமாகக் காட்டிலிருந்து இறங்கும். போகிறவர்கள் ஒரு இடத்தில் நின்று பாருங்கள், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு தாய் யானை புல் தின்னுவதைப் பாருங்கள். முன்காலால் புல்லை உதைத்துக் கிளப்பும். தும்பிக்கையால் சுருட்டும். மண் ஒட்டியிருந்தால் அந்தப் புல்லை முழங்காலில் நாலு தட்டுத் தட்டி உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கும். குட்டி அதன் வயிற்றுக்கடியிலேயே நின்றுகொண்டு அதையே செய்து பார்க்கும், ஆனால் அதற்குத் தும்பிக்கை சொன்னபடி கேட்காது. இதை ஒரு கால்மணி நேரம் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போனாலும் மறக்காது. கொம்பன் கிடைத்தால் அதிர்ஷ்டம். இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம் உண்டு.

ஜீப் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: கிட்டப் போக வேண்டாம், நின்றதும் இஞ்சினை அணைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் ஒரு கூட்டத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஜீப் வளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, வாலை விறைத்துக்கொண்டு நிற்கும். அது கோபம். படம் எடுப்பதற்கு வாகாக நிற்கிறது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். வனசீவராசிகள் திணைக்களம் விதி போட்டிருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுத்துக் கிட்டக் கேட்டால் ஓட்டுநர் போகத்தான் செய்வார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

கட்டாயம் ஒரு இரவு ஹபரணையில் தங்குங்கள். திருகோணமலையிலிருந்து ஹபரணை 85 கிலோமீட்டர் அளவில்தான், காலையில் போவது பெரிய விஷயமில்லை. பின்னேரம் ஆறரைக்கு மேல் அந்த வீதியில் திரும்பி வருவதுதான் பிரச்சினை. இருட்டும் நேரத்தில் கந்தளாய்க்கு இந்தப் பக்கம் வரைக்கும் யானை வீதியைக் கடக்கும். ஓரத்தில் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் நீட்டுகிறவர்களையும் பார்ப்பீர்கள். நிறுத்தவே வேண்டாம். அப்படிப் பழகிய யானைதான் பிறகு வாகனத்தை மறிக்கிறது, கடைசியில் அதற்குத்தான் கேடு.

இன்னொன்று. எங்கள் வயலில் அறுவடைக்கு முன் அப்பாவும் சித்தப்பாவும் பரணில் இரவு முழுக்க யானை வெடியோடு காவல் இருந்தவர்கள். விடிய வந்து பார்த்தால் ஒரு மூலை வயல் துவைத்துக் கிடக்கும். அப்படியும் அப்பா யானையைத் திட்டி நான் கேட்டதில்லை. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் ரயில் மோதி ஆறு யானை செத்தபோது எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப்பில் பார்ப்பது ஒரு பக்கம்தான். பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தையும் சொல்லுங்கள், அவர்களுக்கு விளங்கும் வயது.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, தேசிய அடையாள அட்டை இருந்தால் உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டுக் கட்டணம். வித்தியாசம் பெரிது. பூங்கா டிக்கெட், சேவைக் கட்டணம், வரி எல்லாம் ஒரு பக்கம், ஜீப் வாடகை தனி. அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உப்புவெளி_வீடு எழுதியது:

அண்ணா, மிகவும் நன்றி. இரவு தங்குவது என்று முடிவெடுத்தாயிற்று. அண்ணாவுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். இனிப் பெரியவளின் கேள்விதான் மிச்சம். பொலன்னறுவையில் நம்முடைய ஆட்கள் விட்டுப்போனது என்ன இருக்கிறது? சிகிரியாவை முழுதாக விடுவதா?

ஓய்வுபெற்ற_ரீச்சர் எழுதியது:

பிள்ளை, சிகிரியாவுக்கு ஏறத்தாழ 1200 படி. உன் அம்மாவை மனதில் வைத்து அதை விடு. அண்ணாவும் பெரியவளும் மட்டும் ஹபரணையிலிருந்து விடியற்காலையில் போய் ஏறிவிட்டு வரலாம், விருப்பமென்றால். பொலன்னறுவைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடு.

சோழர் 993 அளவில் தீவின் வடபகுதியைப் பிடித்த பிறகு பொலன்னறுவையைத் தலைநகராக்கி, சனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். முதலாம் விஜயபாகு 1070 அளவில் அவர்களை வெளியேற்றும் வரை அது அவர்களுடைய நகரம். அங்கே பலகையில் இரண்டாம் சிவாலயம் என்று போட்டிருக்கும் சின்னக் கோயில்தான் வானவன்மாதேவி ஈச்சரம், சோழ அரசியின் பெயரால் எழுப்பியது. அடி முதல் உச்சி வரை கல். பொலன்னறுவையில் மற்றக் கட்டடங்களில் பெரும்பாலானவை கூரை போய்க் கிடக்க, அது முழுதாக நிற்கிறது. சுவரோடு ஒட்டி நின்று பார்க்கச் சொல். தமிழ் எழுத்துகள் கல்லில் வரிவரியாக ஓடும். பெரியவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் சில எழுத்துகளை அவளே அடையாளம் கண்டுகொள்வாள். வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது அந்தச் சுவரை விட்டு அவர்களை இழுத்து வருவது எனக்குப் பெரும் பாடாக இருக்கும்.

பிறகு வேளைக்காரர் கல்வெட்டு. தலதா மண்டப முற்றத்தில், அட்டதாகே என்ற கட்டடத்தின் பக்கத்தில் உயரமாக நிற்கும் கற்பலகை. புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று தமிழ்ப் படைவீரர்கள் தமிழில் எழுதிவைத்தது. அவள் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில். எங்கள் வரலாறு என்றால் கோயில் மட்டும்தான் என்று அவள் நினைக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

அதே விருப்பத்தில்தான் இதையும் சொல்கிறேன்: திருகோணமலைக்குப் பக்கத்திலேயே, பெரியகுளம் பக்கம், வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்ப் பௌத்தர்கள் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் பசுவுக்கும் கொடை கொடுத்த தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் குளித்து முடித்து, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை.

கோணேசர் கோயிலுக்கு நீ எப்படியும் போவாய். கோட்டை வாசலைக் கடக்கும்போது வாகனத்தை நிறுத்தி, வாசற்கல்லில் உள்ள இரட்டை மீனையும் தமிழ் எழுத்தையும் காட்டு. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், 1620களில் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குள் புள்ளிமான் நிற்கும். சின்னவன் கையில் இருக்கும் பிஸ்கட் பொலித்தீனை அங்கே விடாதபடி பார்த்துக்கொள், அந்த மான்கள் அதைத் தின்றே சாகின்றன.

பொலன்னறுவைக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேர். பதினொரு மணிக்குமேல் கல்லில் கால் வைக்க முடியாது, செருப்பும் கழற்ற வேண்டும். எல்லோருக்கும் தடித்த காலுறை கொண்டுபோ. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, கல் விகாரையில் அதைக் கவனிப்பார்கள்.

தம்பலகாமம்_வான் எழுதியது:

ரீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். போகிற வழியில் எங்கள் ஊரில் ஆதிகோணநாயகர் கோயிலில் இறங்குங்கள். கோணேசர் கோயில் இடிபட்ட காலத்தில் மறைத்துக் காப்பாற்றிய திருவுருவங்களை வைத்துக் கட்டியது. உங்கள் அம்மாவுக்கு அங்கே படி ஏறத் தேவையில்லை, ஆறுதலாக இருந்து கும்பிடலாம். பிறகு கந்தளாய்க் குளக்கட்டில் கொஞ்சம் நில்லுங்கள். கோணேசர் கோயில் வயல்களுக்காகக் குளக்கோட்டன் கட்டினான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்று வரலாறு சொல்லும். மின்னேரியாவும் கவுடுல்லவும் மகாசேனன் கட்டியவை, 1700 வருடமாகிறது. யானை நிற்பதும் நாங்கள் சோறு தின்னுவதும் அந்தக் குளங்களால்தான் என்று பெரியவளுக்குச் சொல்லுங்கள்.

ஒழுங்கு இப்படி வையுங்கள்: முதல் நாள் கோட்டை, கோணேசர், பின்னேரம் வெல்கம் விகாரையும் கன்னியாவும். இரண்டாம் நாள் தம்பலகாமம், கந்தளாய் வழியாக ஹபரணை, பின்னேரம் ஜீப். மூன்றாம் நாள் விடிய பொலன்னறுவை, இருட்டுவதற்கு முன் வீடு. நான்காம் நாள் கடல்.

அம்மாவை ஜீப்பின் பின்பக்கம் ஏற்ற வேண்டாம், படி உயரம், குலுக்கலும் கூட. ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கையை அம்மாவுக்கு என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஏறுவதற்கு ஒரு சின்ன முக்காலி வானில் போட்டுக்கொள்ளுங்கள். புழுதிக்கு ஆளுக்கொரு துண்டும் வேண்டும்.