பூண்டு வாசனை அடித்தால் பூச்சிமருந்தா?

மன்னைக்காரன்: இங்கே ஓடம்போக்கி எழுதும் மருத்துவத் த்ரில்லரின் புதுப் பாகத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே ராத்திரியில் சாகிறார்கள். கடன், தற்கொலை என்று ஊர் முடிவு கட்டுகிறது. திருவாரூர் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததும் பூண்டு வாசனை பிடித்து, குழம்பில் பூச்சிமருந்து, இது கொலை என்கிறார். அதே அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறதே? மூட்டையில் பூச்சி பிடிக்காமல் இருக்கப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கும் பூண்டு வாசனைதான். 3 கிராம் மாத்திரை ஈரம் பட்டால் 1 கிராம் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். காற்றைவிடக் கொஞ்சம் கனமானது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தால் என்ன ஆகும்?

குடந்தைவாசகி: அன்று அந்த வீட்டில் மீன் குழம்பு சார். பூண்டு போடாமலா வைப்பார்கள்?

ஓடம்போக்கி: ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துக்கும் பூண்டு வாசனை உண்டு அண்ணே. அந்த விஷத்தின் அடையாளமாகக் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்ததை டாக்டர் பார்த்தாரே, அந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிட்டீர்களா?

மன்னைக்காரன்: உயிரோடு இருப்பவருக்குச் சுருங்கினால் மாற்று மருந்தான அட்ரோபின் போடலாம். விடிந்து பார்த்த பிணத்தின் கண்மணியை வைத்தா தீர்ப்பு? செத்த பிறகு அதை நம்பவே முடியாது. சில்வர் நைட்ரேட்டில் நனைத்த தாளைக் காட்டியிருந்தால் பாஸ்பீன் பட்டுக் கறுத்திருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெண்ணாற்றங்கரை: அழுகும் உடம்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் அந்தத் தாளைக் கறுப்பாக்கும், மேதாவி. உள்ளுறுப்பை உப்புக் கரைசலில் போட்டுத் தடயவியல் கூடத்துக்கு அனுப்பியதும் அதே பாகத்தில்தான் இருக்கிறது. அப்புறம், இதெல்லாம் இருந்தால்தான் த்ரில்லரா? அதை முதலில் பேசலாமே.

மன்னைக்காரன்: நான் கேட்டது வாசனை. பூண்டு வாசனை வந்தால் பூச்சிமருந்து என்று எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

குடந்தைவாசகி: பூண்டை விடுங்கள். தை மாதம் குறுவை அறுக்கிறார்களாம் கதையில். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் குறுவை எப்போது வரும்? தையில் அறுப்பது சம்பா. டெல்டாக்காரர் எழுதுகிற லட்சணமா இது?

ஓடம்போக்கி: தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கடைமடைக் கணக்கு பேசாதீர்கள்.

குடந்தைவாசகி: நீடாமங்கலம் எப்போது கடைமடை ஆனது? எதிர்த்துக் கேட்டால் உடனே ஊரை இழுப்பது!

வெண்ணாற்றங்கரை: மன்னைக்கார அண்ணனுக்கு வேறு கோபம். அவர் கதையில் சித்திரையில் வெண்ணாறு கரைபுரண்டு ஓடியதை ஓடம்போக்கிதான் கிழித்துத் தொங்கவிட்டார்.

மன்னைக்காரன்: அது கோடை மழை என்று அப்போதே சொல்லிவிட்டேன். பேச்சை மாற்றாதீர்கள். வாசனைக்குப் பதில் எங்கே?

ஓடம்போக்கி: அடுத்த பாகத்தில் வரும். பொறுமை இல்லாதவர்கள் படிக்க வேண்டாம்.

மன்னைக்காரன்: படிப்பேன். வரி வரியாகப் படிப்பேன்.