நிலைத்திருத்தல்: மரியன்ஹில், இன்கமானா மடங்களில் கண்டவை

சாட்ஸ்வொர்த்திலிருந்து

மௌனத் தியானத்திற்குச் சென்று வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் பைன்டவுனுக்கு அருகிலுள்ள மரியன்ஹில் மடத்தில், எங்கள் பங்கிலிருந்து சென்ற சிறு குழுவோடு ஒரு வார இறுதி முழுவதும் தங்கியிருந்தேன். பேச்சை நிறுத்துவது முதல் நாள் மாலைக்குள் பழகிவிட்டது. ஆனால் தியானத்தை வழிநடத்திய அருட்தந்தை விளக்கிய ஒரு வார்த்தைப்பாடு, அதாவது துறவிகள் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி, இன்றுவரை என்னை விடவில்லை. நிலைபேறு என்பது அதன் பெயர். அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மட வாழ்வுக்காக ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. அதன் 58ஆம் அதிகாரப்படி, மடத்தில் சேர்பவர் நிலைபேறு, வாழ்க்கை மாற்றம், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் கடவுள் முன் வாக்களிக்கிறார். நிலைபேறு என்றால், தாம் சேர்ந்த அந்தக் குழுமத்தில், அந்தச் சகோதரர்களின் குறைநிறைகளோடு சாகும்வரை இருப்பது. நம் மரபில் துறவி என்றதும் வீட்டைத் துறந்து ஊர் ஊராகச் செல்பவரையே முதலில் நினைக்கிறோம். ஆசீர்வாதப்பரோ மடம் விட்டு மடம் அலையும் துறவிகளைத் தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே கடுமையாகக் கண்டிக்கிறார்.

இதைக் கேட்டபோது என் பெற்றோரை நினைத்துக்கொண்டேன். எங்கள் முன்னோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். விட்டுப் போக விரும்பினாலும் போக முடியாதவர்கள். என் பெற்றோர் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர்கள். அங்கேயே இருக்க விரும்பினாலும், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இருப்பதும் போவதும் பிறர் கையில் இருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஒருவர் தம் விருப்பத்தோடு ஓரிடத்தைத் தேர்ந்து, இங்கேயே இருப்பேன் என்று கடவுளிடம் சொல்வது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அன்றுதான் விளங்கியது.

மரியன்ஹில்லின் வரலாறே இந்த வார்த்தைப்பாட்டின் வலியைச் சொல்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த பிரான்சிஸ் பிஃபன்னர் 1882 டிசம்பரில், ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் டிராப்பிஸ்ட் சபைத் துறவிகளுடன் இங்கு வந்து மடத்தை நிறுவினார். இறைச்சி உண்ணாமல், இன்றியமையாத நேரம் தவிரப் பேசாமல், சைகைகளால் கருத்தைத் தெரிவித்துக்கொண்டு, நள்ளிரவு கடந்ததும் எழுந்து திருப்பாடல்களைப் பாடி, பகலில் வயலிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் அவர்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே பெரிய டிராப்பிஸ்ட் மடமாக அது வளர்ந்தது. ஆனால் சுலு மக்களிடையே பள்ளி நடத்தவும் மறைக்கல்வி கற்பிக்கவும் தொலைவிலுள்ள பணித்தளங்களுக்குப் பயணம் செய்யவும் வேண்டியிருந்ததால், மௌன ஒழுங்கும் மறைபரப்புப் பணியும் ஒன்றோடொன்று மோதின. சபையின் மேலிடம் 1892இல் பிஃபன்னரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி துறந்தார். பின்னர் எமாவுஸ் என்னும் சிறு தளத்துக்குச் சென்று, 1909 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் மரியன்ஹில்லை டிராப்பிஸ்ட் சபையிலிருந்து பிரித்துத் தனி மறைபரப்புச் சபையாக்கினார். ஆகவே இன்று அங்கிருப்பவர்கள் மறைபரப்புப் பணியாளர்களே. பழைய டிராப்பிஸ்ட் ஒழுங்கைத் தேடிச் செல்பவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

அந்தப் பெரிய மடத்தைக் கட்டி எழுப்பியவர், அதை விட்டு விலகிய பிறகு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஒரு மூலையில் செபித்துக்கொண்டிருந்தாரே, அந்த ஆண்டுகளே அவருடைய துறவின் உச்சம் என்று நான் நம்புகிறேன். அவர் பள்ளிகளைப் போற்றுவோர் பலர். எமாவுஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

நியூகாசிலிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் இன்கமானாவைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. ஃபிரைஹைட்டுக்கு அருகிலுள்ள இந்த மடம் ஆசீர்வாதப்பர் சபையின் ஜெர்மானியக் கிளையான புனித ஒட்டிலியன் குழுமத்தைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தன் கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாட்டை இழந்த பின், அங்கே ஆயராக இருந்த தாமஸ் ஸ்பிரைட்டர் 1920களின் தொடக்கத்தில் சுலுலாந்துக்கு வந்து இப்பணியைத் தொடங்கினார். மரியன்ஹில்லில் இணைக்க முடியாமல் போன இரண்டையும், அதாவது வேளைதோறும் கூடிச் செபிக்கும் மட வாழ்வையும் மறைபரப்பையும், தொடக்கத்திலிருந்தே ஒன்றாக ஏற்றுக்கொண்ட குழுமம் இது.

நான் சில நாள் அங்கே விருந்தினனாகத் தங்கினேன். மணி அடித்தவுடன் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு எழுகிறார். தோட்டத்தில் இருப்பவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வருகிறார். இறைப்புகழ்ச்சிக்கு மேலாக எதையும் வைக்கக் கூடாது என்று ஒழுங்குநூல் சொல்வது இதைத்தான். திருப்பாடல்களை இரு பக்கமும் மாறி மாறிப் பாடும்போது, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொடங்குகிறது. நடுவே ஒரு மூச்சளவு இடைவெளி விடுகிறார்கள். யாருடைய குரலும் தனித்து ஓங்குவதில்லை. பங்குப் பாடகர் குழுவில் பல காலம் பாடிய நான், பிறர் குரலைக் கேட்டுக்கொண்டே பாடும் பயிற்சியை அங்கேதான் பெற்றேன்.

நூற்றைம்பது திருப்பாடல்களையும் வாரத்திற்கு ஒருமுறை முடிக்கும்படி ஆசீர்வாதப்பர் வகுத்திருக்கிறார். அவற்றில் துயரமும் கோபமும் நிறையவே உண்டு. மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் அழுகைப் பாடலைப் பாட வேண்டி வந்தால், அது இன்று எங்கோ அழுகிறவருக்காக நாம் பாடுவது என்று முதிய துறவி ஒருவர் சொன்னார். வீட்டில் செபமாலை சொல்லும்போது இப்போது அந்த எண்ணத்தோடுதான் தொடங்குகிறேன்.

லெனேசியாவிலிருந்து

நான் சைவன். ஆயினும் மரியன்ஹில்லுக்குச் சென்று வந்தேன், காரணம் செருப்பு. எங்கள் ஊருக்கு அருகே, காந்தியடிகளின் நண்பரான கட்டடக் கலைஞர் காலன்பாக் 1910இல் அவரிடம் ஒப்படைத்த டால்ஸ்டாய் பண்ணை இருக்கிறது. சிறை சென்ற தமிழ்ச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் பல அங்கே தங்கியிருந்தன. அப்பண்ணையில் செருப்புத் தைக்கும் தொழில் தொடங்குவதற்காகக் காலன்பாக் மரியன்ஹில் மடத்துக்குச் சென்று கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகளும், பின்னர் மற்றவர்களும் கற்றார்கள். காந்தியடிகள் 1895இலேயே அந்த மடத்தைப் பார்த்து, துறவிகளின் மரக்கறி உணவையும் மௌனத்தையும் உழைப்பையும் வியந்து லண்டன் இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். கையால் உழைத்து வாழும்போதுதான் உண்மையான துறவிகள் என்று அவர்களுடைய ஒழுங்குநூல் சொல்வதாக அங்கே அறிந்தேன். தோல் அறுக்கும் வேலையை நம் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதை எண்ணினால், அத்தொழிலைத் துறவிகள் வழிபாட்டின் பகுதியாகச் செய்ததும், நம்மவர் அதைப் பண்ணையில் கூச்சமின்றி மேற்கொண்டதும் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிகின்றன.

கிறிஸ்தவர் அல்லாதவர் இன்கமானாவில் தங்கலாமா என்பதை நியூகாசில் அண்ணன் தெரிவிக்க வேண்டும்.

நியூகாசிலிலிருந்து

தாராளமாகத் தங்கலாம், தம்பி. வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது ஒழுங்குநூலின் 53ஆம் அதிகாரம். நான் தங்கியபோது யாரும் என் சமயத்தைக் கேட்கவில்லை. முன்கூட்டியே கடிதம் எழுதி இடம் கேளுங்கள். செபவேளைகளில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டால் போதும். பாட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜூன், ஜூலையில் செல்வதானால் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேட்டு நிலத்தில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும்.