புதுப்பிப்பு: காற்றின் வேகம் திரையில் வந்து வந்து மறைந்த சிக்கல்

பாய்மரப் படகின் சார்ட்பிளாட்டரில் (கடல் வரைபடமும் கருவிகளின் அளவீடுகளும் காட்டும் திரை) காற்றின் வேகம் திடீர் திடீரென மறைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சிலர் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணச் சொன்னீர்கள். கருவிகளில் குறையில்லை, கோளாறு கம்பியில்.

படகின் கருவிகளை இணைக்கும் என்எம்இஏ 2000 வலையமைப்பின் முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு தரவு செல்லும் வெள்ளை, நீலக் கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால், இரண்டு டெர்மினேட்டரும் இணையாகச் சேர்வதால், சுமார் 60 ஓம் வரணும். வந்தது 120. அதாவது ஒரு முனை தொடர்பில் இல்லை. கேபிளின் ஒரு முனை இருக்கும் பாய்மர உச்சியில் ஏறிப் பார்த்தால், அங்குள்ள டெர்மினேட்டரின் பின்கள் உப்பு பிடித்துப் பச்சையாகிக் கிடந்தன. புதிது போட்டதும் சரி. சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணச் சொன்னவர்கள் மன்னிக்கவும்!

அப்புறம், ஆழமானி மட்டும் இன்னும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. முதன்மைக் கேபிளிலிருந்து அதற்குப் போகும் கிளைக் கேபிள், ஒரு கிளைக்கான 6 மீட்டர் நீள வரம்பைத் தாண்டுகிறது. அடுத்து அதைக் குறைக்கப் போகிறேன்.