புதுப்பிப்பு: நார்வே மூதாதையர் ஏறிய கப்பல் ஏன் கிடைக்கவில்லை

நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மூதாதையரை, நியூயார்க்கில் வந்திறங்கிய கப்பல் பயணிகள் பட்டியலிலிருந்து தேடத் தொடங்கலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். நார்வேயிலிருந்து தொடங்குவதுதான் சரி.

நீராவிக் கப்பல் காலத்தில் பெரும்பாலோர் நேராக அமெரிக்கா போகவில்லை. கிறிஸ்டியானியாவிலிருந்து (இன்றைய ஓஸ்லோ) இங்கிலாந்தின் ஹல் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், பிறகு வேறொரு பெரிய கப்பல். அதனால் நார்வே பதிவேட்டில் இருக்கும் கப்பல் பெயரை நியூயார்க்கில் தேடினால் வராது. புறப்பட்ட தேதியோடு இரண்டு முதல் நான்கு வாரம் கூட்டி, லிவர்பூலிலிருந்து வந்த கப்பல்களைப் பாருங்கள்.

நார்வேயை விட்டுப் போனவர்களைத் துறைமுகக் காவல்துறை எழுதிவைத்த பதிவேடு கிறிஸ்டியானியாவுக்கு 1867 முதல், பெர்கன் துறைமுகத்துக்கு 1874 முதல் உண்டு. நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் (Digitalarkivet) தளத்தில் இலவசம். இன்னொரு துறைமுகமான ஸ்டாவாங்கரின் பழைய பதிவேடுகள் அழிந்துபோயின. அந்தப் பக்கத்து ஆள் என்றால் சர்ச் பதிவேட்டில் ஊரை விட்டுப் போனவர்கள் பட்டியல்தான் கதி.

அதிகம் சறுக்குவது பெயரில்தான். ஓலேயின் மகன் ஹான்ஸ், ‘ஹான்ஸ் ஓல்சன்’. அவன் தங்கை ‘ஓல்ஸ்டாட்டர்’. பக்கென் பண்ணையில் இருந்தால் ‘பக்கென்’ சேரும், பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவில் எதை வைத்துக்கொண்டான் என்பது அவன் இஷ்டம்! ஆகவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், பிறந்த ஆண்டு (இரண்டு ஆண்டு முன்பின்), ஊர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். கிடைத்தவரை நார்வேயின் 1865 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெற்றோரோடு ஒத்துப்பாருங்கள்.