ஐயா வீட்டு மாடிப்படி: குடும்பக் குழுவில் ஒரு பஞ்சாயத்து

மீனா: தேவகோட்டை வீட்டு மாடிப்படியில் ஒரு படியை மட்டும் சுரண்டிப் பார்த்தோம். பச்சை எனாமலுக்கு அடியில் சாக்லேட் கலர், அதற்கும் அடியில் பழைய பாலிஷ், கடைசியில் பர்மாத் தேக்கு. படம் போட்டிருக்கிறேன், ரேகையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பழனி சித்தப்பா: அடேயப்பா! இத்தனை வருஷம் பச்சையை மிதித்துக்கொண்டா திரிந்தோம்? யார் அடித்த பெயிண்ட் அது?

லெட்சுமி அயித்தை: என் கல்யாணத்துக்கு அப்பச்சி அடிக்கச் சொன்னது. பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

பழனி சித்தப்பா: சரி, பெயிண்டரை வரச்சொல். மெஷின் வைத்துத் தேய்த்தால் மளமளவென்று முடிந்துவிடும். அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங்.

சொக்கு: சித்தப்பா, மெஷினும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். அயித்தை கல்யாணக் காலத்து எனாமல் என்றால் அதில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை உலர்வாகத் தேய்த்தால் மாவு மாதிரித் தூசி வீடு முழுக்கப் பரவும், மீனா பிள்ளை தவழ்ந்துவிட்டுக் கையை வாயில் வைப்பான். மீனா, பெயிண்டை இளக்குகிற ரிமூவர் தடவி, அது உப்பி வந்ததும் பட்டித் தகட்டால் வழித்தெடுக்கச் சொல், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், மிச்சம் மீதியை ஈர உப்புத்தாளால் தேய்க்கட்டும். விளக்குமாற்றால் கூட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கட்டித் தூக்கிப் போட்டுவிடவேண்டும். வேலை முடியும்வரை பிள்ளையை உன் மாமியார் வீட்டில் விடு.

மீனா: ஐயையோ, சரி அண்ணே. இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆசாரி ஒன்று சொன்னார், படியெல்லாம் வைரம் பாய்ந்த மரம், கரையான் தொடவில்லை, சுவரோரம் வைரம் பாயாத வெள்ளை மரம் இருந்த ஒரு பலகை மட்டும் அரித்திருக்கிறது, அதை மாற்றிவிடலாமாம். ஆணி அடித்த இடமெல்லாம் கறுப்பாக வட்டம் வட்டமாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

சொக்கு: அது இரும்பும் மரத்துச் சாறும் ஈரத்தில் சேர்ந்து வருகிற கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். கையுறை அவசியம், பிறகு நன்றாகக் கழுவிக் காயவிடவேண்டும். பெயிண்ட் முழுக்கப் போய் வெறும் மரம் ஆனபிறகு 80, 120, 180 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போகச் சொல், ரேகை போகிற வாக்கிலேயே. குறுக்கே இழுத்தால் இப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் ஒவ்வொரு கீறலும் பல்லைக் காட்டும்.

லெட்சுமி அயித்தை: கைப்பிடியில் இருக்கிற பழைய பாலிஷையாவது விடுங்களப்பா. அது என்ன பாவம் செய்தது?

சொக்கு: அது அரக்குப் பாலிஷாக இருக்கும் அயித்தை. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான். அதைச் சுரண்டவே வேண்டாம், அதன்மேலேயே புது அரக்கு ஏற்றலாம், பழசோடு ஒட்டிக்கொள்ளும். மிதிக்கிற படிக்கு மட்டும் அது தாங்காது, தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகிவிடும்.

பழனி சித்தப்பா: அப்போ படிக்குப் பளபளப்பு பியூ, அதுதான் பாலியூரித்தேன் கோட்டிங், அடித்துவிடுவோம். இங்கே எங்கள் அபார்ட்மெண்டில் ஒருத்தர் அடித்திருக்கிறார், முகம் தெரிகிறது.

லெட்சுமி அயித்தை: உன் முகத்தைப் பார்க்கவா படி? அப்பத்தா ஈரக்காலோடு ஏறி இறங்குகிற வீடு. வழுக்கினால் யார் பதில் சொல்வது?

சொக்கு: அயித்தை சொல்வதுதான் சரி. பியூவே இருக்கட்டும், ஆனால் பளபளக்காத மேட். பளபளப்பில் செருப்புக் கீறல், தூசி எல்லாம் துல்லியமாகத் தெரியும், மேட்டில் மறைந்துவிடும். மேட் என்றாலும் ஈரம் பட்டால் வழுக்கத்தான் செய்யும் என்பதால் படி நுனியில் பிடிமானத்துக்குப் பட்டை ஒட்டிவிடு மீனா. இன்னொன்று, தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கோட்டிங்குக்கு முன்னால் தின்னரால் துடைக்காவிட்டால் பின்னால் உரியும்.

மீனா: மாடியில் இரண்டு அறை புழக்கத்தில் இருக்கிறதே அண்ணே, வழியை அடைத்துவிட்டால் எப்படி?

சொக்கு: ஒன்று விட்டு ஒரு படியாக அடிக்கச் சொல். முதல் பாதி காய்ந்ததும் மீதி. அப்பத்தாவை மட்டும் அதுவரை மேலே ஏறவிடாதே. ஒரு நாளில் வெறுங்காலோடு நடக்கலாம், நன்றாக இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை பீரோ, கட்டில் எதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பழனி சித்தப்பா: சரி சரி, தோற்றேன். அந்த மேட் டப்பா என் செலவு. எத்தனை படி, அளவு என்ன, சொல்.

மீனா: 17 படி சித்தப்பா. அகலம் 3 அடி, மிதிப்பலகை 10 அங்குலம், உயரம் 7 அங்குலம்.

சொக்கு: கிட்டத்தட்ட 72 சதுர அடி. மூன்று கோட் அடிக்க 2 லிட்டர் சுமாராகப் போதும், அதற்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சான சீலர் தனி. சித்தப்பா, வாங்கும்போது டப்பாவில் மேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லெட்சுமி அயித்தை: டப்பாவைப் படம் எடுத்து இங்கே போட்டுவிட்டு பணம் கொடு பழனி. உன்னை நம்ப முடியாது.